ஆறு மணி நேரம், பத்து நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் பொறுமை இன்று எனக்கு இல்லை. போனில் இனி உன்னோடு பேசுவதாகவும் இல்லை. போனில் எப்போதும் நீதான் ஜெயிக்கிறாய். நான் மூச்சு வாங்குவதற்குள் "சரிக்கா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எங்கள் மேல் மாடியில் இருக்கும் நெட்டை, உன் கம்பெனி விமானத்தில் சாப்பாடு கொடுக்கிறானே, அவன் செவ்வாயும் வெள்ளியும் உன் ஊருக்கு வந்து மறுநாள் திரும்புகிறான். அவன் சட்டைப் பையில் இது வந்து சேரும். பதிலையும் அவனிடமே கொடுத்தனுப்பு.

அப்பாவின் இதய வால்வு சுருங்கிவிட்டது என்று போன வாரமே சொன்னேன். நீ பாதி கேட்டாய். செருப்பு மாட்டக் குனிந்தாலே இப்போது மூச்சு இரைக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பிறகு செய்தும் பயனில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். படிவம் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

"சின்னவன் வரட்டும். அவன் மூஞ்சியைப் பாத்துட்டு உள்ள போறேன். இல்லைன்னா என்னை விட்டுடு."

இதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய மனுஷன், பின்னால் வருகிறவன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் வழி விடாமல் போகிற பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

என் கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. சுவரில் இருக்கும் எழுத்துகளைப் பார்க்கவே மாட்டார்கள், முன்பே மனப்பாடம் செய்ததைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நீ அந்த ரகம். "ஆறு மணி நேரம் பத்து நிமிஷம்தானேக்கா, ஒரு போன் போடு, வந்து நிக்கறேன்." அம்மா போனபோது வந்து நான்காம் நாளே கிளம்பினாய். அதற்குப் பிறகு நான்கு வருடமாக ஒப்பிக்கிறாய். இப்போது போன் போட்டாயிற்று. வந்து நில்.

அக்கா


மார்ச் 5, புதன்

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நெட்டை அதை அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தான். படித்ததும் ஏன் என்று புரிந்தது.

நான் ஒப்பிக்கவில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வளவு எண்ணெய் என்று கணக்குப் போட்டு கேப்டன் கையில் கொடுப்பதுதானே என் பிழைப்பு. நம் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் நேர்க்கோட்டில் 4,812 கிலோமீட்டர். அந்தக் கோட்டில் யாரையும் பறக்க விட மாட்டார்கள். நடுவே ஒரு மூடிய வான்பகுதி இருக்கிறது, சுற்றிக்கொண்டு 4,960. உன் பக்கம் வரும்போது எதிர்காற்று, அதனால் ஆறு மணி நேரம் பத்து நிமிடம். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், ஐந்தரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அப்பாவிடம் சொல், மலையில் பஸ் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று. ரசிப்பார்.

இங்கே இரண்டு பேர் விடுப்பில் இருக்கிறார்கள். கணினியில் புதிய முறை ஒன்றை வேறு புகுத்தித் தொலைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொன்னால் சாக்கு என்பாய், சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். நெட்டை வேலை பார்க்கும் அதே விமானம். கதவுக்குப் பக்கத்து இருக்கையாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அப்பாவை இப்போதே கையெழுத்துப் போடச் சொல். நான் வராமல் இருந்தது பிடிக்காததால் அல்ல. அதை மட்டுமாவது அவரிடம் சொல்லிவை.

தம்பி


மார்ச் 11, செவ்வாய்

தம்பிக்கு,

அப்பாவிடம் சொன்னேன். "அவன் வந்து சொல்லட்டும்" என்றார். படிவம் மேஜையிலேயே இருக்கிறது. ஆனால் மனுஷன் ஆளே மாறிவிட்டார். முடிவெட்டிக்கொண்டார். விமான நிலையத்துக்குத் தானும் வருவேன் என்கிறார். சக்கர நாற்காலியில் என்றால்கூடச் சரியாம். நேற்று பேருந்து நிலையத்தில் இருக்கிற பழைய சிநேகிதர்களையெல்லாம் வீட்டுக்கு வரவழைத்து, எதிர்காற்று என்றால் என்ன என்று வகுப்பே எடுத்துவிட்டார். அந்த 4,960 எல்லோருக்கும் மனப்பாடம்.

"பஸ்னா லேட்டாகும். இதுவும் ஆகுமா?" என்று ஒருவர் கேட்டார். "என் பையன் கணக்குப் போட்டா ஆகாது" என்றார் அப்பா. அப்புறம் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பெருமையே அவருக்குப் பளு தூக்குவது மாதிரி ஆகிவிட்டது.

ஒரு சின்ன விஷயம். கதவுக்குப் பக்கத்து இருக்கை என்று எதற்கு எழுதினாய்? நீ அநாவசியமாக ஒரு சொல் எழுத மாட்டாய். இரண்டு நாளாக அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. எதுவும் இல்லை என்றால் விடு. சனிக்கிழமை மதியம் இரண்டு இருபதுக்கு வாசலில் நிற்போம்.

அக்கா


மார்ச் 15, சனி

உனக்கு,

போனை அணைத்து வைத்திருக்கிறாய். எனவே எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமைதான் இது உன் கைக்கு வரும். அதுவரை என் கோபம் ஆறிவிடும் என்று நினைக்காதே.

ஒன்றரை மணிக்கே போய்விட்டோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வரும் விமானங்களின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது நிமிடம் தாமதம் என்று வந்தது. "எதிர்காத்து அதிகமா இருக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருக்கும் அதை விளக்கினார். மூன்று பத்துக்கு இறங்கிவிட்டது. கதவு தானாகத் திறந்து திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திக் கொஞ்சம் எழுந்துகொள்கிறார். குழந்தையோடு ஒருத்தி, மூன்று பெட்டியோடு ஒருவர், கால்பந்து ஆடும் கூட்டம் ஒன்று. எல்லோரும் போய்விட்டார்கள். கடைசியில் விமானச் சிப்பந்திகள் வந்தார்கள். நெட்டை எல்லோருக்கும் பின்னால், தலையைக் குனிந்தபடி வந்தான்.

அவன் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். "ஏறி உக்காந்துட்டாருக்கா. கதவு மூடும்போது எழுந்து இறங்கிட்டாரு. ஆள் இறங்கினா பெட்டியையும் இறக்கணும்ல? கீழ தேடி எடுக்க ஐம்பது நிமிஷம் ஆச்சு. நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கலை."

அப்பா நாங்கள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் அவராகவே, "திடீர்னு டூட்டிக்குக் கூப்பிட்டிருப்பாங்க" என்றார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். படிவத்தை எடுத்துப் படுக்கைக்கு அடியில் சொருகிவிட்டு, "அவனுக்கு என்னைப் பாக்கப் பிடிக்கலை. இனிமே இந்தப் பேச்சே எடுக்காதே. டாக்டர்கிட்டயும் சொல்லிடு" என்றார்.

உனக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா? ஏறாமலே இருந்திருக்கலாம். ஏறி உட்கார்ந்து, எங்களை வாசல் வரைக்கும் வரவைத்து, அதற்குப் பிறகு இறங்கிப் போயிருக்கிறாய். மாதம் முடிய இன்னும் பதினாறு நாள். அப்பாவை நீ கொன்றுகொண்டிருக்கிறாய். இதை நான் கோபத்தில் எழுதவில்லை, யோசித்தே எழுதுகிறேன்.


மார்ச் 19, புதன்

அக்கா,

நீ எழுதியது எல்லாம் சரி. ஒரே ஒரு வரி தவிர. எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. எனக்கு விமானத்தில் ஏறப் பயம்.

இந்த ஒரு வரியை எழுத இன்று காலையிலிருந்து ஆறு தாள் கிழித்தேன். சிரித்துக்கொள். விமானத்துக்கு வழி போட்டுக் கொடுக்கிறவனுக்கு விமானம் பயம்.

அம்மா போனபோது வந்துவிட்டுத் திரும்பினேனே, அந்தப் பயணத்தில் அரை மணி நேரம் விமானம் குலுங்கியது. குலுங்கும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பாதையைப் போட்டதே எங்கள் அறைதான். இறக்கை எவ்வளவு வளையும், எவ்வளவு தாங்கும், எல்லாம் தெரியும். உடம்பு எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சத்தமாக அழுதேன் அக்கா. பக்கத்து இருக்கையில் இருந்த வயதான அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க தம்பி, இதெல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க கணக்குப் போட்டுத்தான் அனுப்பறாங்க" என்றார். அந்தப் படித்தவன் நான்தான் என்று எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பிறகு மூன்று முறை டிக்கெட் எடுத்தேன். மாத்திரை போட்டுக்கொண்டும் பார்த்தேன். மூன்று முறையும் விமான நிலைய வாசலிலிருந்தே திரும்பினேன். உன்னிடம் டூட்டி என்றேன்.

இந்த முறை நிச்சயம் முடியும் என்று நம்பினேன். அன்று காலை அந்த விமானத்தின் கணக்கை நானே கேட்டு வாங்கிப் போட்டேன். வேறு யார் போட்டாலும் நம்பிக்கை வராது. ஒரு மேகக் கூட்டத்தை விட்டு விலகி இருநூறு கிலோமீட்டர் சுற்றினேன். எண்ணெயும் கூடுதலாக ஏற்றவைத்தேன். கேப்டன் தாளைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஊர்வலமா போறோம்?" என்று சிரித்தார். ஏறினேன். பெல்ட் மாட்டினேன். கதவை இழுக்கும் சத்தம் கேட்டதும் என் கால்கள் எழுந்து நடந்துவிட்டன. நான் நடக்கவில்லை அக்கா, அவை நடந்தன. நெட்டை கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று திரும்பவில்லை.

ஒரு கெஞ்சல். இதை அப்பாவிடம் சொல்லாதே. மழையில், பனியில், பிரேக் பிடிக்காத வண்டியை மலையிலிருந்து இறக்கிய மனுஷன் அவர். அவர் பிள்ளை பயந்தாங்கொள்ளி என்று தெரிவதைவிட, கல்நெஞ்சன் என்று நினைப்பதே மேல். வேறு ஏதாவது சொல்லிக் கையெழுத்து வாங்கு. உன் காலில் விழுகிறேன்.

தம்பி


மார்ச் 21, வெள்ளி

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். வாயால் சொல்லவில்லை, உன் கடிதத்தையே படித்துக் காட்டினேன். திட்டிக்கொள். நீ நான்கு வருடம் மறைத்ததற்கு நான் இரண்டு நாள்கூட மறைக்க மாட்டேன்.

இரண்டு முறை படிக்கச் சொன்னார். அந்த அம்மாள் உன் கையைப் பிடித்துக்கொண்ட இடத்தை மூன்றாம் முறையும். சிரித்தார் பார், மூச்சே நின்றுவிடும் போல் ஆகி, நான் மாத்திரையைத் தேடி ஓடினேன். அப்புறம் சிரிப்பு நின்றது.

"இதைச் சொல்றதுக்கு நாலு வருஷமா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார் பார் ஒரு கேள்வி:

"ஏன்டி, பஸ்ல வர முடியாதா?"

"நடுவுல கடல் இருக்குப்பா" என்றேன்.

"கடல்ல கப்பல் போகாதா?"

நீ படித்தவன், நான் படித்தவள். நான்கு வருடமாக ஆறு மணி நேரம், பத்து நிமிடம் என்று மாற்றி மாற்றிச் சண்டை போட்டோம். வேறு வழி இருக்கிறதா என்று ஒருவருக்காவது தோன்றியதா?

ஆபரேஷன் 28ஆம் தேதி என்று டாக்டர் நாள் வைத்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு நாளும் தள்ள மாட்டாராம். அதற்குள் நீ தரை வழியாக வந்து சேர முடியாது என்று எனக்கே தெரிகிறது. அப்பாவுக்கும் தெரியும். "அவன் கிளம்பட்டும். கிளம்பிட்டான்னு தெரிஞ்சா போதும், கையெழுத்துப் போடறேன்" என்கிறார். படிவத்தைப் படுக்கைக்கு அடியிலிருந்து அவரே எடுத்து வெளியே வைத்திருக்கிறார். போனில் அவருக்குக் காது கேட்காது. கைப்பட எழுதியதை நெட்டை கொண்டுவந்து கொடுத்தால்தான் நம்புவாராம்.

அக்கா


மார்ச் 22, சனி

அக்கா,

எங்கள் அறைச் சுவரில் ஆறடி உயரத்துக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. பதினொரு வருடமாக அதன் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் சாலை கிடையாது, ரயில் பாதை கிடையாது, துறைமுகம் கிடையாது. விமான நிலையங்களும் நடுவே கோடுகளும்தான். இன்று காலை புத்தகக் கடைக்குப் போய் ஒரு சாதாரண வரைபடம் வாங்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குவது. தரையில் விரித்துப் போட்டு அழுதுவிட்டேன்.

இரண்டு ரயில், ஒரு பஸ், கப்பலில் மூன்றரை நாள், துறைமுகத்திலிருந்து நம் ஊருக்கு ஒன்பது மணி நேரம் மறுபடி பஸ். மொத்தம் 7,340 கிலோமீட்டர். இன்று நான்கு மணிக்கு முதல் ரயில். ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை துறைமுகம், மாலை வீடு. பதினொரு நாள். வேலையில் விடுப்பு கேட்டேன், முகம் சுளித்தார்கள், கிளம்பிவிட்டேன்.

அப்பாவுக்குப் படித்துக் காட்ட ஒரு வரி: சின்னவன் கிளம்பிவிட்டான்.

தம்பி


மார்ச் 28, வெள்ளி

அக்கா,

இது கப்பல் ஏறும் ஊர். இன்று அப்பாவை உள்ளே கொண்டுபோகும் நாள். போனை எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறேன். நீ எடுத்துப் பேசாமல் அழுதால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஆறு நாளாக ஜன்னல் ஓரத்திலேயே வந்தேன். நான் கணக்குப் போட்டு நாற்பது நிமிடத்தில் தாண்டவைக்கும் இடத்தை ரயில் ஒரு பகல் முழுக்கத் தாண்டியது. பதினொன்றரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும் இடம். அதில் துணி காய்கிறது, ஆட்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள், ஒருத்தி வாசலில் நின்று பல் தேய்த்தபடி ரயிலைப் பார்க்கிறாள். ஆனால் உட்கார முடியவில்லை. ரயில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி இங்கும் அங்கும் நடக்கிறேன். டிக்கெட் பரிசோதகர், "என்ன சார், ரயிலைத் தள்ளிவிடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

ஒன்றை மறைக்க மாட்டேன், இனி எதையும் மறைப்பதாக இல்லை. இந்த ஊரிலும் விமான நிலையம் இருக்கிறது. இங்கிருந்து நம் ஊருக்கு இரண்டு மணி நேரம், ஐந்து நிமிடம். இன்று காலை பெட்டியோடு போனேன். இங்கே என்னைப் போலக் கணக்குப் போடும் நண்பன் ஒருவன் இருக்கிறான், இடம் வாங்கித் தருகிறேன் என்றான். அப்பா கண் மூடுவதற்கு முன் முகத்தைக் காட்டிவிடலாமே என்று ஒரு மணி நேரம் அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டை நனைந்துவிட்டது. எழுந்து துறைமுகத்துக்கு வந்துவிட்டேன். மறுபடியும் தோற்றேன். இதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டு, காட்ட முடிகிற நிலையில் அவர் இருந்தால்.

இந்தக் கடிதத்தை அந்த நண்பனே இன்றைய விமானத்தில் அனுப்புகிறான். கப்பலில் போன் எடுக்காது. துறைமுகத்தில் எனக்குக் கிடைக்கும்படி பதில் எழுது. நல்லதோ கெட்டதோ, முதல் வரியிலேயே எழுதிவிடு. நலம் விசாரித்துவிட்டு இரண்டாம் பக்கத்தில் சொல்லாதே.

தம்பி


மார்ச் 31, திங்கள்

அப்பா இருக்கிறார்.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி எங்காவது உட்கார்ந்து மீதியைப் படி.

ஐந்து மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். நான் அந்த நடைபாதையின் நீளத்தைக் காலால் அளந்துவிட்டேன், எழுபத்திரண்டு அடி. மறுநாள் காலையில் கண் விழித்தார். நேற்று ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, உப்பு இல்லை என்று நர்ஸோடு சண்டை போட்டார். பிழைத்துக்கொள்வார் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நீ கிளம்பிய செய்தியை நெட்டை கொண்டுவந்த அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது டாக்டர், "மகன் வந்தாச்சா?" என்றார். "வந்துட்டே இருக்கான்" என்று ஏதோ நீ பக்கத்துத் தெருவில் இருப்பது மாதிரி சொன்னார்.

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பவர் அப்பாவிடம் வண்டி ஓட்டப் பழகியவர். இன்று பகல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வருகிறார், நாளைக் காலை அதே பஸ் திரும்புகிறது. உனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறார். ஏறிக்கொள். வழியில் உன்னைச் சாப்பிட வைப்பது தன் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார், மறுக்காதே.

எனக்குக் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று நினைக்காதே. நீ அன்று எழுதியது சனிக்கிழமை வந்தது. இரண்டு மணி நேரம், ஐந்து நிமிடம் என்று படித்ததும் எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார முடியாதா உனக்கு என்று கத்தத் தோன்றியது. அப்பாவுக்கு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். மனுஷன் கண்டுபிடித்துவிட்டார். "எதையோ முழுங்கற, முழுசாப் படி" என்றார். படித்தேன். அவர் முகம் வாடும், அழுவார் என்று பயந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

குழாய்கள் மாட்டிய கையை மெதுவாக என் கையிலிருந்து உருவிக்கொண்டு, சின்னக் குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"திட்டாதே அவனை. ஆறு மணி நேரத்துல வந்திருந்தா, லீவு கிடைச்சுது, வந்துட்டுப் போறான்னு நெனச்சிருப்பேன். பதினோரு நாள் தரையில வர்றான்டி. என்னைப் பாக்கத்தான் வர்றான்."

அக்கா